படுத்திருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள்

மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத நோய் வந்தால், கம்பெனியிலிருந்து முதலில் வருகிற யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "இப்போதைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. பிஎஃப் பணம் வந்துரும், ஆஸ்பத்திரி செலவுக்கு ஆகும். உடம்பு தேறினதும் வாங்க, பாத்துக்கலாம்." சொல்கிற எச்ஆர் நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் கடிதத்தால் லாபம் ஒரு தரப்புக்குத்தான். கம்பெனிக்கு ஒரு கோப்பு மூடுகிறது. தொழிலாளிக்கு இஎஸ்ஐ பணம், ஊனமுற்றோர் ஓய்வூதியம், ஐந்தாண்டு ஆகாவிட்டாலும் கிடைக்கக்கூடிய பணிக்கொடை (கிராஜுவிட்டி), குடும்பத்துக்கான காப்பீட்டுத் தொகை என்று பல கதவுகள் ஒரே நாளில் சாத்தப்படுகின்றன. நோயோடு வேலையில் இருப்பவருக்கும் நோயினால் வேலையை விட்டவருக்கும் சட்டத்தில் உரிமைகள் உண்டு. "சொந்தக் காரணங்களுக்காக" வேலையை விட்டவருக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கானது. அரசு ஊழியர் நிலைமை வேறு. அதை நடுவில் ஒரு பத்தியில் சொல்லியிருக்கிறேன். ஒரு முன்குறிப்பு: 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இஎஸ்ஐ, பிஎஃப், பணிக்கொடைச் சட்டங்கள் மூன்றும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. அதனால் கூடியவரை பிரிவு எண்ணைத் தவிர்த்து, உரிமையின் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். நீங்களும் கடிதம் எழுதும்போது பழைய பிரிவு எண்ணை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதில்தான் முதலில் கை வைப்பார்.

முதல் பத்து நாள்

நோய் வந்த வீட்டில் காகிதம் யாருக்கும் ஞாபகம் வராது. பின்னால் வருகிற சண்டை முழுக்கக் காகிதத்தில்தான் நடக்கும். சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னது கணக்கில் வராது. விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ் நகல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம், இவை எழுத்தில் போக வேண்டும். மின்னஞ்சல் இருந்தால் அதில் அனுப்புங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் முகவரிக்கு விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது). வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவர் போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு? பெரும்பாலான ஆலைகளின் நிலையாணைகளில் (ஆலையின் வேலை விதிகளில்), அனுமதித்த விடுப்புக்கு மேல் குறிப்பிட்ட நாள் வராவிட்டால் வேலையின் மீதான உரிமை போய்விடும் என்று ஒரு வரி இருக்கும். நோயாளியை வெளியே அனுப்ப நினைக்கும் நிர்வாகம் நோயைப் பற்றிப் பேசாது. "சொல்லாமல் வராதவர்" என்று பெயரை அடித்துவிடும். 1993-இல் டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொன்னது: நிலையாணையில் அப்படி இருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு விரோதம். தீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் அது உதவ வேண்டுமென்றால், நீங்கள் சொல்லிவிட்டுத்தான் வராமல் இருந்தீர்கள் என்பதற்கு அந்தத் தபால் ரசீது வேண்டும்.

சம்பளத்தோடு எத்தனை நாள் கிடைக்கும் என்பது எங்கே வேலை என்பதைப் பொறுத்தது. கடை, அலுவலகம், ஐடி நிறுவனம் போன்றவற்றுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு தருகிறது. தொழிற்சாலையில் சட்டப்படி தனி நோய் விடுப்பு கிடையாது. அங்கே நோய்க்கு இஎஸ்ஐதான். இந்த நாட்கள் தீர்ந்தபின் "சம்பளமில்லா விடுப்பு" என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளம் இல்லை என்பது வேறு, வேலை இல்லை என்பது வேறு. சம்பளமில்லா விடுப்பில் இருப்பவர் இன்னமும் ஊழியர்தான்.

இஎஸ்ஐ: 70 சதவீதமும் 80 சதவீதமும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளிக்கு 25,000) இருப்பவருக்கு இஎஸ்ஐ உண்டு. ஊழியர் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு மாதம் 135 ரூபாய். இஎஸ்ஐ என்றால் மாத்திரை வாங்குமிடம் என்று நினைப்பவர்கள் நிறைய. நோய்க்காலத்தில் அது சம்பளத்துக்குப் பதிலாகப் பணமும் தருகிறது.

சாதாரண நோய்க்கு: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், அடுத்தடுத்த இரண்டு பயன்காலங்களில் (பணம் கோரக்கூடிய ஆறு மாதக் காலங்களில்) சேர்த்து 91 நாள் வரை. 18,000 சம்பளக்காரரின் தினக்கூலி 600 என்று வைத்தால், நாளுக்கு 420 ரூபாய், 91 நாளுக்கு 38,220 ரூபாய். முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. ஆனால் முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த 2 நாள் கழிவு இல்லை.

தகுதிக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன்காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. சந்தாக்காலத்தில் 78 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். அதாவது 2026 பிப்ரவரியில் நோய் வந்தால், பார்க்கப்படுவது 2025 ஏப்ரல்–செப்டம்பர் வருகைதான். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பயன்காலம் தொடங்கவே ஒன்பது மாதம் ஆகும்.

இந்த இடைவெளி இரண்டு பக்கமும் வெட்டும். சம்பள உயர்வால் மே மாதம் 21,000-ஐத் தாண்டிவிட்டீர்கள் என்றால் உடனே இஎஸ்ஐ நின்றுவிடாது. செப்டம்பர் வரை சந்தா பிடிக்க வேண்டும், அதற்கான பயன் அடுத்த ஜூன் வரை வரும். "உங்களுக்குத்தான் இப்போ இஎஸ்ஐ இல்லையே" என்று அலுவலகத்தில் சொன்னால் தேதியை எண்ணிப் பாருங்கள். மறுபக்கம், ஆறு மாதம் முழுக்கச் சம்பளமில்லாமல் படுத்திருந்தால் அந்தச் சந்தாக்காலம் காலியாகி, அதற்கான பயன்காலமும் காலியாகும்.

நீண்ட நோய்க்கு இருப்பது நீட்டிக்கப்பட்ட நோய்ப்பயன். இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், தானாக யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். இஎஸ்ஐ கழகத்தின் பட்டியலில் 34 நோய்கள் இருக்கின்றன. காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன், மனச்சிதைவு போன்ற மனநோய்கள், எய்ட்ஸ் எல்லாம் அதில் வரும். 91 நாள் தீர்ந்தபின் கூலியில் 80 சதவீதம், மருத்துவக் குழுவின் சான்றின்பேரில் இரண்டு ஆண்டு வரை நீளலாம். மேலே சொன்ன 600 ரூபாய்க்காரருக்கு நாளுக்கு 480, மாதம் 14,400 ரூபாய். தகுதி: இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலை, அடுத்தடுத்த நான்கு சந்தாக்காலங்களில் சேர்த்து 156 நாள் சந்தா.

பணம் எங்கே தடைபடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரி வாசலில். குடும்பம் பதற்றத்தில் தெரிந்த மருத்துவமனைக்கு ஓடும். மூன்று மாதம் கழித்து பணம் தீர்ந்தபின் இஎஸ்ஐ ஞாபகம் வரும். இஎஸ்ஐ பணம் கொடுப்பது அதன் மருத்துவர் தரும் சான்றிதழை வைத்து. வெளி டாக்டர் சீட்டை மாற்று ஆதாரமாக ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் முடிவு. எனவே எங்கே சிகிச்சை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே உங்கள் இஎஸ்ஐ மருந்தகத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிச் சான்றிதழைத் தொடங்கிவிடுங்கள். முதல் சான்றிதழ், பிறகு இடைக்காலச் சான்றிதழ்கள், நோய் 28 நாளைத் தாண்டினால் நான்கு வாரம் வரைக்குமான சிறப்பு இடைக்காலச் சான்றிதழ், வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்றிதழ். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்துக்கான பணமும் விட்டுப்போகும். கூடவே கம்பெனிக்கும் அது "சொல்லாமல் வராத" வாரம்.

இன்னொரு தடை, ஊருக்குப் போவது. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை செய்பவர் கவனிக்க ஆளில்லாமல் பிறந்த ஊருக்குப் போய்விடுவார். சிகிச்சை தரும் மருத்துவரின் அனுமதியில்லாமல் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்பது பணம் பெறுவதற்கான நிபந்தனை. அனுமதி கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், ஊரில் உள்ள இஎஸ்ஐ மருந்தகத்தில் தொடருங்கள். பணம் பெறும் நாளில் வேறு வேலை செய்வதும் கூடாது. மச்சானின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்ததைக்கூட யாராவது புகாராக எழுதலாம்.

வேலையால் வந்த காயம் என்றால் கணக்கே வேறு. கூலியில் 90 சதவீதம், 78 நாள் போன்ற தகுதி எதுவும் கிடையாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்தும் இதில் வரும். நிரந்தர ஊனம் மிஞ்சினால் இழந்த உழைப்புத்திறனுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் உண்டு. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அது நிற்காது. ஆகவே "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுங்க, நாங்க செலவைப் பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அது பல லட்சம் ரூபாய்க்கான வேண்டுகோள் என்று புரிந்துகொள்ளுங்கள். விபத்து அறிக்கை போனதா என்று அன்றே கேளுங்கள்.

அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற இஎஸ்ஐ திட்டத்தை வேலையிழந்தோர் படி என்று மட்டும் நினைக்கிறோம். ஆலை மூடல், ஆட்குறைப்பு தவிர மூன்றாவதாக ஒரு காரணமும் அதில் இருக்கிறது: வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர இயலாமை. முதல் 12 மாதம் கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம், அந்தக் காலத்தில் மருத்துவமும் உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்கு இது இல்லை.

1948-ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டம், நோய்ப்பயன் பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதைத் தன் 73-ஆம் பிரிவில் தடுத்திருந்தது. அந்தச் சட்டம் இப்போது தொகுப்புக்குள் கரைந்துவிட்டதால், நீக்க நோட்டீஸ் வந்தால் பதில் எழுதும் முன் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ காட்டுங்கள்.

21,000-க்கு மேல்

இவர்களுக்கு இஎஸ்ஐ இல்லை, கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு இருக்கும். வேலைப்பட்டியலில் பெயர் இருக்கும்வரைதான் அது. ராஜினாமா தேதியோடு பாலிசியும் போனால், கீமோவின் நான்காவது சுற்று சொந்தக் காசில். குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் உரிமை உண்டு, அதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். ஆனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். போன பிறகு புதிதாகப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம், அல்லது பாலிசியே தராமல் போகலாம். கம்பெனி எடுத்துள்ள குழு ஆயுள் காப்பீட்டில் தீவிர நோய், நிரந்தர இயலாமை இணைப்பு இருக்கிறதா என்று எச்ஆரிடம் எழுதிக் கேளுங்கள். வீட்டுக் கடனோடு சேர்த்து விற்ற பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் படித்தே பார்க்காமல் கடன் தவணைக்காக நகையை விற்றவர்கள் உண்டு.

பிஎஃப்: எடுக்கலாம், எல்லாவற்றையும் அல்ல

"ராஜினாமா செய்தால் பிஎஃப் உடனே வரும்" என்பது எப்போதுமே முழு உண்மை அல்ல. பழைய விதியில் வேலையை விட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் பிஎஃப் நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு அந்தக் காத்திருப்பைப் பிஎஃப்புக்கு 12 மாதமாகவும், ஓய்வூதியப் பணத்துக்கு 36 மாதமாகவும் நீட்ட முடிவெடுத்தது. பதின்மூன்று வகை முன்பணங்களை மூன்றாகச் சுருக்கவும், கணக்கில் 25 சதவீதத்தைக் குறைந்தபட்ச இருப்பாக வைக்கவும் அதே கூட்டத்தில் முடிவானது. நிரந்தர ஊனம், வேலை செய்ய இயலாமை ஆகிய காரணங்களால் போகிறவர் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்று பிஎஃப் நிறுவனமே விளக்கமும் தந்தது. கவனியுங்கள்: ராஜினாமா செய்பவருக்குக் காத்திருப்பு, இயலாமையால் போகிறவருக்குக் காத்திருப்பு இல்லை.

வேலையில் இருந்துகொண்டே எடுப்பதற்குத்தான் மருத்துவ முன்பணம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குக் குறையாத மருத்துவமனை வாசம், பெரிய அறுவைச் சிகிச்சை, காசநோய், பக்கவாதம், புற்றுநோய், இதய நோய், மனநோய் ஆகியவற்றுக்கு ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அல்லது உங்கள் பங்கும் வட்டியும், இதில் எது குறைவோ அது என்பதுதான் நெடுநாள் விதி. யுஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) போர்ட்டலில் படிவம் 31. தானியங்கி முறையில் தீரும் தொகை வரம்பு 2025-இல் ஐந்து லட்சமாக உயர்ந்தது. இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கு நோய் காரணமாக இருப்பது அரிது. ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கியில் வேறு இனிஷியல், பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம், இவைதான். உடம்பு நன்றாக இருக்கும்போதே கேஒய்சியைச் சரிசெய்து, வாரிசு நியமனத்தையும் இணையத்தில் பதிந்துவிடுவது நல்லது. ஐசியு வாசலில் நின்றுகொண்டு ஓடிபி தேடுவது கொடுமை.

ஓய்வூதியம்: ஒரு மாதச் சந்தா போதும்

பிஎஃப்புக்காக முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் வரம்புக்கு உட்பட்டு, 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். பத்து ஆண்டு சேவை, 58 வயது, இந்த இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். 50 வயதிலிருந்து குறைத்து வாங்கலாம், ஆண்டுக்கு 4 சதவீதம் கழியும் என்பதும் பலருக்குத் தெரியும். தெரியாதது இது: வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போனவருக்குப் பத்து ஆண்டும் வேண்டாம், ஐம்பது வயதும் வேண்டாம். ஓய்வூதிய நிதிக்கு ஒரே ஒரு மாதச் சந்தா போயிருந்தால் போதும். இயலாமை ஏற்பட்ட மறுநாளிலிருந்து ஆயுள் முழுக்க. அது வேலையால் வந்ததா, வீட்டில் வந்த நோயா என்பது பொருட்டல்ல.

வரையறை கடுமையானது. இயலாமை வந்தபோது செய்ய முடிந்த எல்லா வேலைக்கும் தகுதியிழந்திருக்க வேண்டும். மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். படிவம் 10டி-யை நிறுவனம் வழியாக அனுப்ப வேண்டும். "வேலையில் இருக்கும்போது" என்ற சொல்தான் இங்கே உயிர். ஜனவரியில் ராஜினாமா செய்து மார்ச்சில் குழு முன் போனால், இயலாமை வேலைக்காலத்தில் வந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

தொகையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளம், 12 ஆண்டு என்றால் 2,571 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதை வைத்து யாரும் வாழ முடியாது, அது வேறு கோபம். ஆனால் 38 வயதில் தொடங்கினால் அந்த 2,571 பல ஆண்டுகள் வரும், பின் குடும்ப ஓய்வூதியமாகத் தொடரும்.

முழு இயலாமை இல்லாமல் நீண்ட விடுப்பில் இருப்பவர் கவனிக்க வேண்டியது, சந்தா இல்லாத நாட்கள். நிறுவனம் மாதாமாதம் போடும் ரிட்டர்னில் இவற்றுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, என்சிபி நாள் என்பார்கள். சம்பளமில்லா நாட்கள் அங்கே ஏறும், பின்னால் சேவைக் காலத்திலிருந்து கழியும். இஎஸ்ஐ தரும் பணம் சம்பளம் அல்ல, அதற்குப் பிஎஃப் பிடிப்பதில்லை, ஆகவே அந்த நாட்களும் இதில்தான் சேரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள பின்னம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படுவதால் 9 ஆண்டு 8 மாதச் சேவை பத்தாகி மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறும். அதில் 4 மாதம் சந்தாவில்லா நாளாகக் கழிந்தால் 9 ஆண்டு 4 மாதம், அதாவது ஒன்பதுதான். விடுப்பின் கடைசி இரண்டு மாதத்தைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிச் சிறிது காலம் சம்பளம் வாங்கிவிட்டுப் போவது சிலருக்கு ஆயுள் ஓய்வூதியத்தையே தரும்.

நல்லவேளையாக, சம்பளக் கணக்கில் நோயாளி அடிபடுவதில்லை. கடைசி 60 மாதச் சராசரியைப் பார்க்கும்போது இடையில் சந்தாவில்லா நாட்கள் இருந்தால், மொத்தச் சம்பளத்தை உண்மையில் சம்பளம் வாங்கிய நாட்களால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும். ஓய்வூதிய ஆணை வந்ததும் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

மரணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிஎஃப்போடு இணைந்த ஆயுள் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் தருகிறது. முன்பு, சந்தா நின்றபின் இறந்தால் வேலைக்குப் புறம்பான மரணம் என்று மறுப்பார்கள். நீண்ட நோயில் இதுதான் அடிக்கடி நடந்தது, சம்பளமில்லா விடுப்பில் சந்தா எங்கிருந்து வரும்? 2025-இல் இது மாறியது. கடைசிச் சந்தாவிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தால் பணம் உண்டு, வேலைப்பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படாமல் இருந்தால். ராஜினாமா கடிதத்தின் விலை இங்கே ரூபாயிலேயே தெரிகிறது.

பணிக்கொடை

ஐந்தாண்டு முடியாமல் பணிக்கொடை இல்லை என்பது ராஜினாமாவுக்கான விதி. இறப்பு, இயலாமை இரண்டுக்கும் ஐந்தாண்டு தேவையில்லை. இங்கே இயலாமைக்கான வரையறை ஓய்வூதியத்தைவிட மிக இளகியது: நோய்க்கோ விபத்துக்கோ முன் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய முடியாமல் போனால் போதும். தறி ஓட்டியவர் தறி ஓட்ட முடியாவிட்டால் அது இயலாமை, கடையில் உட்கார்ந்து கணக்கெழுத முடியும் என்பது தடையல்ல.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15/26 வீதம் 7,500. சேவை 3 ஆண்டு 7 மாதம் என்றால் 4 ஆண்டாகி 30,000 ரூபாய். அதே ஆள் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதினால் பூஜ்யம். நோயால் வராத நாட்கள் தொடர்ச்சியை முறிப்பதில்லை, அதையும் சட்டமே சொல்கிறது. விண்ணப்பம் நிறுவனத்துக்குத்தான், 30 நாளில் தர வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போகலாம். வக்கீல் இல்லாமலே பலர் இதை வாங்கியிருக்கிறார்கள்.

அரசு ஊழியர்கள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை உபரிப் பணியிடம். இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி இந்தக் கடமையைக் கழற்றிவிட முடியாது என்பதை, முந்தைய சட்டத்தின் கீழேயே 2003-இல் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. மத்திய அரசுப் பணியில் ஆண்டுக்கு 20 நாள் அரைச்சம்பள விடுப்பு சேர்கிறது, அது தீர்ந்தால் மருத்துவச் சான்றின்பேரில் பணிக்காலம் முழுமைக்கும் 360 நாள் வரை முன்கூட்டிய விடுப்பும் உண்டு. 2019 முதல் பத்து ஆண்டு ஆகாதவருக்கும் இயலாமை ஓய்வூதியம் கிடைக்கிறது. தேசிய ஓய்வூதிய முறையில் இருப்பவர்கள், இறப்பு அல்லது இயலாமை வந்தால் பழைய முறைப் பயன் வேண்டுமா என்ற விருப்பப் படிவத்தைக் கொடுத்திருக்கிறார்களா என்று பணிப்பதிவேட்டில் பார்த்துக்கொள்ளட்டும். தனியாரில் இந்த 20(4) பாதுகாப்பு இல்லை. நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற அளவோடு நிற்கிறது. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கி, இலகுவான பணி கோரும் கடிதத்தில் அதைச் சுட்டலாம்.

போகத்தான் வேண்டும் என்றால்

சில நோய்களில் திரும்பி வர முடியாது. அப்போதும் போகிற விதம் இருக்கிறது. கடிதத்தில் ராஜினாமா என்ற சொல்லைத் தவிருங்கள். "இணைத்துள்ள மருத்துவச் சான்றிதழின்படி என் வேலையைத் தொடர இயலாத உடல்நிலை ஏற்பட்டுள்ளதால், உடல்நலக் காரணத்தால் என் பணியை முடித்துத் தருமாறு கோருகிறேன். பணிக்கொடை, விடுப்புக்கான ரொக்கம், பிஎஃப், ஓய்வூதியப் பயன்களை அதன்படி வழங்கவும்" என்று எழுதினால் போதும். மருத்துவச் சான்றின் தேதி கடிதத்தின் தேதிக்கு முன்னதாக இருக்கட்டும்.

பிறகு யுஏஎன்னில் வெளியேறிய தேதியும் காரணமும் ஏறும். பெரும்பாலான நிறுவனங்கள் யோசிக்காமல் "குறுகிய சேவை" என்பதைத் தட்டிவிடும். நிரந்தர ஊனம் என்று தனிக் காரணம் அங்கே இருக்கிறது, அதுதான் போட வேண்டும். தவறாக ஏறினால் நீங்களும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி போட்டுத் திருத்த மாதங்கள் ஆகும். வரியும் இதில் தொங்குகிறது: ஐந்தாண்டுக்குள் பிஎஃப் எடுத்தால் 50,000 ரூபாய்க்கு மேல் 10 சதவீதம் பிடிப்பார்கள், உடல்நலக் குறைவால் வேலை முடிந்தவருக்கு அந்த வரி இல்லை.

வேலை போனபின் இஎஸ்ஐயும் நின்றுவிட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றிதழ் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள், மருத்துவக் குழு மதிப்பிடும் சதவீதம் வேறு பல இடங்களில் கேட்கப்படும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவர்கள், தேதியைப் பாருங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாள் இன்னும் வரவில்லை என்றால் பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். "உடல்நலமில்லாத நிலையில் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், சம்பளமில்லா மருத்துவ விடுப்பு வழங்கவும்" என்று இரண்டு வரி, மருத்துவச் சான்று நகல், மின்னஞ்சலும் விரைவுத் தபாலும். நாளைக்கு அனுப்பலாம் என்று வைக்க வேண்டாம். ஏற்றுக்கொண்டதாக அங்கிருந்து ஒரு கடிதம் அச்சாவதற்கு ஒரு மதியம் போதும்.